புகழைப் பங்கிட்டளித்த தலைவர்: ஹஜ்ரத் அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி)

 



பலர் கூடிச் செய்த வேலையின் பெயர் ஒருவரிடமே போய்ச் சேர்வது உலக வழக்காகிவிட்டது. வாணிபம் தழைத்தால் முதலாளியின் கைராசி பேசப்படுகிறது. விடியுமுன் கடை திறந்து, இரவு வெகுநேரம் கணக்கு முடித்த பணியாளர்களை எவரும் நினைப்பதில்லை. கட்டடம் எழும்பினால் முன்னின்றவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது; கல் சுமந்தவர்களின் பெயர் அவர்களின் வீட்டாரைத் தவிர எவருக்கும் தெரிவதில்லை. தம்மைத் தேடிவரும் புகழைத் தலைவர் தம்மிடமே வைத்துக்கொள்கிறாரா, உடன் உழைத்தவர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுகிறாரா என்பதில்தான் அவருடைய தரம் வெளிப்படுகிறது.

ஷாம் தேசம் என்று அன்று அழைக்கப்பட்ட பரந்த நிலப்பரப்பு இன்று சிரியா, ஜோர்டான், லெபனான், பாலஸ்தீன் எனப் பிரிந்து கிடக்கிறது. அத்தேசத்தின் பெரும்பாலான வெற்றிகள் கிட்டிய காலத்தில் அங்கே முஸ்லிம் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர்கள் ஹஜ்ரத் அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்கள். ஆயினும் அவ்வெற்றிகளைப் பேசும்போது நம் நாவில் முதலில் வருவது அவர்களின் கீழ்ப் பணியாற்றிய காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் பெயரே. காலித் (ரலி) அவர்களின் ஒப்பற்ற போர்த்திறன் அதற்கு ஒரு காரணம். அத்திறனை மறைக்கவோ, அதன் பெயரைத் தம் பெயராக்கிக்கொள்ளவோ முயலாத ஒரு தலைவர் அவர்களுக்கு வாய்த்தது மற்றொரு காரணம். அந்தத் தலைவரின் வாழ்வை இங்கே சற்று நினைவுகூர்வோம்.

தொடக்க காலமும் உஹத் களமும்

அன்னாரின் இயற்பெயர் ஆமிர். தந்தையார் அப்துல்லாஹ், பாட்டனார் அல்ஜர்ராஹ். குறைஷிக் குலத்தில் பனூ ஹாரிஸ் பின் ஃபிஹ்ர் என்னும் கிளையைச் சேர்ந்தவர்கள். பாட்டனாரின் பெயரோடு இணைத்து அபூஉபைதா இப்னுல் ஜர்ராஹ் என்றே வரலாறு அவர்களை அறிகிறது. மெலிந்த உடலும் உயர்ந்த தோற்றமும் அடக்கமான இயல்பும் கொண்டவர்கள். மக்காவில் இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்ற சிலருள் அவர்களும் ஒருவர். குறைஷியரின் துன்புறுத்தல் தாங்காது அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, பின்னர் மதீனா வந்து சேர்ந்தார்கள். பத்ரு முதல் எல்லாப் போர்களிலும் கலந்துகொண்டார்கள். சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் அன்னாரும் ஒருவர்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நடைபெற்ற உஹதுப் போரில் முஸ்லிம்களுக்குக் கிட்டவிருந்த வெற்றி கைநழுவியது. அந்நாளில் பெருமானார் (ஸல்) அவர்களின் தலைக்கவசத்தின் இரு வளையங்கள் அன்னாரின் திருக்கன்னத்தில் ஆழப் பதிந்துவிட்டன. அவற்றை அகற்றும் பேற்றைத் தமக்கு விட்டுக்கொடுக்குமாறு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் மன்றாடிக் கேட்ட அபூஉபைதா (ரலி), கையால் இழுத்தால் பெருமானாருக்கு வலிக்குமே என்று அஞ்சித் தம் பற்களால் கவ்வி மெல்ல இழுத்தார்கள். முதல் வளையம் வெளிவந்தபோது முன்பல் ஒன்று விழுந்தது. இரண்டாவது வளையத்தோடு மற்றொன்றும் விழுந்தது.

அன்று முஸ்லிம்களைப் பின்புறமிருந்து தாக்கிப் போரின் போக்கை மாற்றிய குதிரைப் படைக்குத் தலைமை தாங்கியவர், அதுவரை இஸ்லாத்தைத் தழுவியிராத காலித் பின் வலீத். இவ்விருவரும் பிற்காலத்தில் ஒரே படையில் தோளோடு தோள் நின்றதையும், ஒருவரின் பெயரை மற்றவர் காத்ததையும் பார்க்கும்போது உஹத் களத்தின் இந்நிகழ்ச்சியை நாம் மறந்துவிடலாகாது.

தலைமையை விட்டுக்கொடுத்தல்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களை 300 வீரர்களுடன் தாத்துஸ் ஸலாஸில் என்னுமிடத்திற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தார்கள். எதிரிகளின் எண்ணிக்கை அதிகம் என்றறிந்த அம்ரு (ரலி) துணைப்படை வேண்டினார்கள். 200 பேர் கொண்ட துணைப்படை அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் புறப்பட்டது. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர்களும் அப்படையில் இருந்தனர். இரு தலைவர்களும் கருத்து வேறுபாடின்றி ஒத்துழைக்க வேண்டுமென்று அனுப்பும்போதே பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியிருந்தார்கள்.

இரு படைகளும் ஒன்றுசேர்ந்ததும் தொழுகைக்கு இமாமாக நிற்பவர் யார் என்ற வினா எழுந்தது. அக்காலத்தில் படையின் தலைவரே தொழுகைக்கும் இமாம் ஆதலால், இது படையின் தலைமையைப் பற்றிய வினாவாகவும் இருந்தது. அம்ரு (ரலி) இஸ்லாத்தில் இணைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அபூஉபைதா (ரலி) அவர்களோ ஏறத்தாழ இருபதாண்டுகள் மூத்த முஸ்லிம். எனினும் வந்தவர்கள் தமக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்களே என்பதில் அம்ரு (ரலி) உறுதியாயிருந்தார்கள். தம் மூப்பையும் சிறப்பையும் எடுத்துக்காட்டி வழக்காட அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் அவர்கள் பெருமானாரின் கட்டளையை நினைவூட்டி, தாம் அம்ருக்குக் கட்டுப்பட்டு நடப்பதாக அறிவித்துப் பின்னால் நின்று தொழுதார்கள். அந்தப் படையெடுப்பு அம்ரு (ரலி) அவர்களின் பெயராலேயே இன்றளவும் வழங்குகிறது.

ஒரே ஒரு பேரீச்சம்பழம்

அதே ஆண்டில் என்று பலரும் குறிப்பிடும் மற்றொரு பயணத்தில், கடற்கரைப் பகுதிக்குச் சென்ற 300 பேர் கொண்ட படைக்கு அபூஉபைதா (ரலி) அவர்களே தலைவராக இருந்தார்கள். வழியில் உணவு குறையத் தொடங்கியது. அப்போது அவர்கள் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அவரவரிடம் எஞ்சியிருந்த உணவையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும்படி கட்டளையிட்டார்கள். சேர்ந்தது பேரீச்சம்பழம் மட்டுமே. அதை நாள்தோறும் சிறிது சிறிதாக அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். இருப்பு குறையக் குறைய, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பழம் என்ற நிலை வந்தது. ஒரு பழம் எந்தப் பசியைப் போக்கும் என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டபோது, அதுவும் தீர்ந்துபோன நாளில்தான் அந்த ஒரு பழத்தின் அருமை தங்களுக்குப் புரிந்ததென ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பின்னர் மர இலைகளை உதிர்த்து, நனைத்து உண்டனர். இதனால் அப்படைக்கே இலைப்படை என்று பெயர் வந்தது.

இந்நிலையில் அல்லாஹ்வின் அருளால் அம்பர் என்னும் மாபெரும் கடல் உயிரினம் ஒன்று கரையொதுங்கியது. செத்த பிராணியாயிற்றே என்று முதலில் தயங்கிய அபூஉபைதா (ரலி), பின்னர் தம் தோழர்களின் நிர்ப்பந்த நிலையைக் கருதி உண்ண அனுமதித்தார்கள். படையினர் பல நாட்கள் அதை உண்டு உடல் தேறினர். அதன் விலா எலும்பை நிறுத்தி வைத்தால் ஒட்டகத்தின் மேலிருப்பவர் அதன் கீழே கடந்து செல்லலாம் என்னும் அளவுக்கு அது பெரிதாயிருந்தது. மதீனா திரும்பியதும் செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அதனை அல்லாஹ் வழங்கிய உணவென்று கூறி, எஞ்சிய இறைச்சியில் தாமும் கேட்டு வாங்கி உண்டார்கள்.

பசி வந்த நாளில் தலைவரின் பை ஒன்று, தொண்டரின் பை ஒன்று என்று இருக்கவில்லை. வெற்றி வந்த நாட்களில் அன்னார் நடந்துகொண்ட விதத்திற்கு இந்தப் பயணமே முன்னறிவிப்பாக அமைந்தது.

சமுதாயத்தின் நம்பிக்கையாளர்

நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்து பேசி முடித்தபின், தங்களுடன் நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்பிவைக்க வேண்டினர். அந்தப் பொறுப்பு தமக்குக் கிட்டாதா என்று தோழர்கள் பலரும் ஆவலுடன் எதிர்பார்த்திருந்தனர். பெருமானார் (ஸல்) அபூஉபைதா (ரலி) அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, இச்சமுதாயத்தின் அமீன், அதாவது நம்பிக்கையாளர், இவரே என்று அனைவருக்கும் அறிமுகம் செய்தார்கள். அன்று முதல் அமீனுல் உம்மத் என்பது அன்னாரின் சிறப்புப் பெயராயிற்று. பிறர் பொருளை மட்டுமன்று, பிறருக்குரிய பெயரையும் மரியாதையையும் கூட அமானிதமாகக் காத்தவர்கள் அவர்கள் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு (கி.பி. 632) பெருமானார் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஸகீஃபாவில் கூடிய மக்களிடம் அபூபக்ர் (ரலி), உமரையும் அபூஉபைதாவையும் சுட்டிக்காட்டி, இவ்விருவரில் ஒருவரைத் தலைவராக ஏற்குமாறு வேண்டினார்கள். இருவரும் அதை ஏற்காது அபூபக்ர் (ரலி) அவர்களுக்கே பைஅத் செய்தனர். ஆட்சித் தலைமை வாசல்வரை வந்தும் அதன்மீது கண் வைக்காத உள்ளம் அது.

வெளியிடாத கடிதம்

அபூபக்ர் (ரலி) ஷாம் தேசத்திற்கு நான்கு தளபதிகளின் கீழ்ப் படைகளை அனுப்பினார்கள். அபூஉபைதா, அம்ரு பின் ஆஸ், யஸீத் பின் அபூஸுஃப்யான், ஷுரஹ்பீல் பின் ஹஸனா (ரலி அன்ஹும்) ஆகியோரே அந்நால்வர். ரோமப் பேரரசின் பெரும்படை திரண்டபோது, இராக்கிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்களை ஷாமுக்கு விரையச் சொல்லி, எல்லாப் படைகளுக்கும் தலைவராக நியமித்தார்கள். மூத்த தோழரான அபூஉபைதா (ரலி) முகம் கோணாமல் காலிதின் கீழ்ப் பணியாற்றினார்கள்.

ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு (கி.பி. 634) அபூபக்ர் (ரலி) வஃபாத்தானார்கள். உமர் (ரலி) கலீஃபாவாகப் பொறுப்பேற்றதும், காலிதைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவித்து அபூஉபைதாவை நியமித்துக் கடிதம் அனுப்பினார்கள். கடிதம் சேர்ந்தது யர்மூக் களத்திலா, டமாஸ்கஸ் எனும் திமிஷ்க் நகரின் முற்றுகையிலா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடிதம் கிடைத்தவுடன் அபூஉபைதா (ரலி) அதை வெளியிடவில்லை என்பது பிரபலமான செய்தி. போர் நடந்துகொண்டிருந்தது, காலித் (ரலி) படையை நடத்திக்கொண்டிருந்தார்கள். வெற்றி கிட்டும்வரை அபூஉபைதா (ரலி) கடிதத்தைத் தம்மிடமே வைத்திருந்து, பின்னரே தெரிவித்தார்கள். ஏன் உடனே கூறவில்லை என்று காலித் (ரலி) வினவியபோது, அவர்களின் போர்முயற்சியைக் குலைக்கத் தாம் விரும்பவில்லை என்றும், தாங்கள் தேடுவது உலக அதிகாரத்தை அன்று என்றும் விடையளித்தார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள்! கடிதத்தை அன்றே படித்துக் காட்டியிருந்தால், வரவிருந்த வெற்றி புதிய தளபதியின் முதல் வெற்றி என்று எழுதப்பட்டிருக்கும். அது முறையற்றதும் ஆகாது. கலீஃபாவின் ஆணையே கையில் இருந்தது. ஆனால் உழைத்தவர் ஒருவராயிருக்க, பெயர் தமக்கு வருவதை அந்த நம்பிக்கையாளர் விரும்பவில்லை.

காலித் (ரலி) அவர்களின் பெருந்தன்மையும் இங்கே குறிப்பிடத்தக்கது. பதவி போனதை அறிந்த அவர்கள், இச்சமுதாயத்தின் நம்பிக்கையாளரே உங்களுக்குத் தலைவராக வந்துள்ளார் என்று மக்களிடம் எடுத்துரைத்தார்கள். பதிலுக்கு அபூஉபைதா (ரலி), காலித் அல்லாஹ்வின் வாட்களில் ஒரு வாள் என்று பெருமானார் (ஸல்) கூறியதைத் தாம் செவியுற்றதாக அம்மக்களுக்கு நினைவூட்டினார்கள். பதவியிழந்தவர் புதியவரைப் புகழ்கிறார். பதவி பெற்றவர் பழையவரைப் புகழ்கிறார். இத்தகைய காட்சி உலக வரலாற்றில் அரிது.

திமிஷ்கில் ஓர் உடன்படிக்கை

ஹிஜ்ரி 14ஆம் ஆண்டு (கி.பி. 635) திமிஷ்க் வீழ்ந்தது. நகரின் ஒருபுறம் போரினாலும் மறுபுறம் உடன்படிக்கையினாலும் திறந்தது. யார் எந்த வாயிலில் நுழைந்தார் என்பதில் செய்திகள் வேறுபடுகின்றன. பலாதுரி எடுத்துரைக்கும் செய்தியின்படி, கிழக்கு வாயிலில் நகரத்தாருக்குப் பாதுகாப்பளித்து உடன்படிக்கை எழுதியவர் காலித் (ரலி). ஜாபியா வாயிலைப் போரிட்டுத் திறந்தவர் அபூஉபைதா (ரலி). காலித் இப்போது தலைவரல்லரே, அவர் எழுதிக்கொடுத்தது எப்படிச் செல்லும் என்று முஸ்லிம்களில் சிலர் வினவினர். முஸ்லிம்களில் மிகச் சாதாரணமான ஒருவர் அளிக்கும் பாதுகாப்பும் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று அபூஉபைதா (ரலி) தீர்ப்பளித்து, காலிதின் உடன்படிக்கையை முழு நகருக்கும் உரியதாக ஏற்று நிறைவேற்றினார்கள்.

தம் கீழுள்ளவர் தம்மைக் கேளாமல் செய்துவிட்டார் என்று அதைத் தள்ளிவிடவுமில்லை. வேறோர் உடன்படிக்கை எழுதித் தம் பெயரைப் பொறிக்கவுமில்லை. கீழுள்ளவர் கொடுத்த வாக்கைத் தம் வாக்காக ஏற்றுக்கொண்டார்கள். இதனால் காலிதின் மதிப்பும் காக்கப்பட்டது. நகர மக்களின் உயிரும் உடைமையும் காக்கப்பட்டன.

ஹிம்ஸும் யர்மூக்கும்

ரோமச் சக்கரவர்த்தி ஹிராக்ளியஸ் பெரும்படையொன்றைத் திரட்டி அனுப்பியபோது, சிதறிக் கிடந்த முஸ்லிம் படைகள் ஓரிடத்தில் கூட வேண்டியதாயிற்று. ஹிம்ஸ் நகரைவிட்டு நீங்கும் நிலை வந்தது. அந்நகரத்தாரிடம் பெற்றிருந்த வரி, அவர்களைக் காக்கும் பொறுப்புக்காகப் பெற்றது. இப்போது காக்க இயலாத நிலையில் அப்பணம் தமக்கு ஆகுமானதன்று என்று கருதி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள் அபூஉபைதா (ரலி). போருக்குப் பொருள் தேவைப்பட்ட வேளையிலேயே இது நடந்தது. முஸ்லிம்களின் நீதியான ஆட்சியே தங்களுக்கு உகந்தது என்று அந்நகர மக்கள் மொழிந்ததைப் பலாதுரி பதிவு செய்துள்ளார். செய்யாத வேலைக்குக் கூலி பெறக்கூடாது என்பதும், பிறர் செய்த வேலைக்குப் பெயர் பெறக்கூடாது என்பதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்களே.

ஹிஜ்ரி 15ஆம் ஆண்டு (கி.பி. 636) யர்மூக் ஆற்றங்கரையில் ஷாமின் தலைவிதியை நிர்ணயித்த போர் நடைபெற்றது. தலைமைத் தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள். ஆனால் குதிரைப் படையையும் களத்தின் போர்முறையையும் காலிதின் கையில் ஒப்படைத்தார்கள். அம்ரு, ஷுரஹ்பீல், யஸீத் ஆகிய தளபதிகள் தத்தம் அணிகளை நடத்தினர். பெண்களும் களத்தில் நின்று, பின்வாங்கியவர்களைத் திருப்பியனுப்பினர். ரோமர்களின் படை நிலைகுலைந்தது. எந்த வேலைக்கு யார் தகுதியானவர் என்றறிந்து அவரிடமே அதை விட்டுவிடுவதும், பின்னர் அவ்வேலை அவருடையதே என்று ஒப்புக்கொள்வதும் அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமைப் பண்பு.

யர்மூக்கிற்குப் பின் கின்னஸ்ரீன் நகருக்குக் காலிதை அனுப்பிவைத்தவர்களும் அவர்களே. அங்கு காலித் (ரலி) ஈட்டிய வெற்றியின் செய்தி மதீனா சென்றடைந்தபோது, உமர் (ரலி) மனம் நெகிழ்ந்து, மனிதர்களின் தகுதியை அறிவதில் அபூபக்ர் தம்மைவிடச் சிறந்தவர் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு காலித் (ரலி) முற்றிலும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அப்போதும் அச்செய்தியைக் காலிதிடம் சொல்ல அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களின் மனம் புண்படுமே என்று காலம் தாழ்த்தினார்கள். கோபத்தினாலோ நம்பிக்கைக் குறைவினாலோ காலிதை நீக்கவில்லை. மக்கள் காலிதாலேயே வெற்றி கிடைப்பதாக எண்ணத் தலைப்பட்டனர், வெற்றியளிப்பவன் அல்லாஹ்வே என்பதை அவர்கள் உணர வேண்டும் என்று உமர் (ரலி) எல்லாப் பகுதிகளுக்கும் எழுதியனுப்பினார்கள். ஆக, கீழுள்ளவருக்குரிய புகழைத் தலைவர் எடுத்துக்கொள்ளாதது ஒரு பாடம். எல்லாப் புகழும் இறுதியில் யாருக்குரியது என்பது அதனினும் பெரிய பாடம்.

சேணமும் வாளும் கேடயமும்

ஹிஜ்ரி 16ஆம் ஆண்டளவில் பைத்துல் முகத்தஸ் நகரத்தார், கலீஃபாவே நேரில் வந்து உடன்படிக்கை செய்தால் நகரை ஒப்படைப்பதாகக் கூறினர். அபூஉபைதா (ரலி) தயங்காமல் உமர் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். அப்புனித நகரின் திறவுகோல் தம் கையில் வர வேண்டுமென்ற ஆசை அவர்களிடம் எழவில்லை.

ஷாமுக்கு வருகை தந்த உமர் (ரலி), தம் சகோதரர் எங்கே என்று கேட்டார்கள். அபூஉபைதா (ரலி) கயிற்றால் கடிவாளமிட்ட ஒட்டகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களின் இல்லத்திற்குச் சென்ற கலீஃபா அங்கு கண்டவை ஒரு வாள், ஒரு கேடயம், ஒட்டகத்தின் சேணம் ஆகியவை மட்டுமே. ஒரு தேசத்தின் ஆட்சித் தலைவரின் வீடு அது! உலகம் எல்லோரையும் மாற்றிவிட்டது, அபூஉபைதாவை மட்டும் மாற்றவில்லை என்று கலீஃபா உருகினார்கள்.

ஒருமுறை உமர் (ரலி) 400 தீனார்களை ஒரு பையிலிட்டு அபூஉபைதாவிடம் அனுப்பி, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்து வருமாறு பணியாளரிடம் சொன்னார்கள். பெற்றுக்கொண்ட அபூஉபைதா (ரலி) துஆச் செய்துவிட்டுத் தம் பணிப்பெண்ணை அழைத்து, இவருக்கு ஏழு, இவருக்கு ஐந்து என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பை காலியாகும்வரை கொடுத்தனுப்பினார்கள். யாருக்கு என்ன தேவை என்பது அந்தத் தலைவருக்கு மனப்பாடமாக இருந்தது.

அரேபியாவில் கடும் பஞ்சம் நிலவிய ரமாதா ஆண்டில், 4,000 ஒட்டகச் சுமை உணவுப் பொருட்களுடன் அபூஉபைதா (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்கள். அவற்றைப் பங்கிடும் பொறுப்பையும் கலீஃபா அவர்களிடமே அளித்தார்கள். பணி முடிந்ததும் 4,000 திர்ஹம் கூலியாக வழங்கப்பட்டது. அல்லாஹ்வுக்காகச் செய்ததற்குக் கூலி வேண்டாமென்று மறுத்தார்கள். தாமும் முன்பு இவ்வாறு மறுத்தபோது பெருமானார் (ஸல்) வற்புறுத்திக் கொடுத்ததை உமர் (ரலி) எடுத்துச் சொன்ன பிறகே பெற்றுக்கொண்டார்கள். உழைத்தவர் வேண்டாமென்றாலும் கொடுக்க வேண்டியவர் கொடுத்தே தீர வேண்டும் என்ற நெறி இதில் விளங்குகிறது.

படையை விட்டுப் பிரியாத தளபதி

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஸஹாபாக்கள் பலர் உட்பட 25,000 பேர் அதில் மடிந்ததாகக் கூறப்படுகிறது. அபூஉபைதாவை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமென்று துடித்த உமர் (ரலி), ஓர் அவசரத் தேவைக்காக உடனே மதீனா வருமாறு கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் உட்பொருளை அபூஉபைதா (ரலி) விளங்கிக்கொண்டார்கள். தாம் முஸ்லிம்களின் படையில் ஒருவராக இருப்பதாகவும், அவர்களுக்கு வந்துள்ளதிலிருந்து தம்மை மட்டும் விலக்கிக்கொள்ளத் தம் மனம் விரும்பவில்லை என்றும், கலீஃபா தம்மை மன்னித்து இங்கேயே விட்டுவிட வேண்டும் என்றும் பதில் எழுதினார்கள். படித்த உமர் (ரலி) கண்ணீர் வடித்தார்கள். அபூஉபைதா இறந்துவிட்டாரா என்று அருகிலிருந்தோர் கேட்டனர். இல்லை, ஆனால் அது நெருங்கிவிட்டது போலுள்ளது என்று கலீஃபா விடையளித்தார்கள்.

படையைத் தாழ்வான நிலத்திலிருந்து உயரமான, நல்ல காற்றுள்ள இடத்திற்கு மாற்றுமாறு அடுத்த கடிதம் வந்தது. தம் உயிருக்காக அழைத்தபோது மறுத்தவர்கள், படையினரின் உயிருக்கான இந்தக் கட்டளையை உடனே ஏற்றார்கள். அந்த ஏற்பாடுகளின் இடையே நோய் அவர்களையும் பற்றிக்கொண்டது. 58ஆம் வயதில் அந்த நம்பிக்கையாளர் இறையடி சேர்ந்தார்கள். முஆத் பின் ஜபல் (ரலி) ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். சிறிது காலத்தில் அவர்களும் அந்நோயிலேயே வஃபாத்தாக, பொறுப்பேற்ற அம்ரு பின் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள், நோயும் தணிந்தது.

ஜோர்டான் பள்ளத்தாக்கில் அபூஉபைதா (ரலி) அவர்களின் அடக்கத்தலமாகக் கருதப்படும் இடமும் பள்ளிவாசலும் இன்றும் உள்ளன.

உமர் (ரலி) ஒருநாள் தோழர்களிடம் அவரவர் ஆசையைக் கேட்டார்கள். வீடு நிறையப் பொன் இருந்தால் அல்லாஹ்வின் பாதையில் செலவிடுவேன் என்ற கருத்தில் ஒவ்வொருவரும் கூறினர். உமர் (ரலி) அவர்களின் ஆசையோ, வீடு நிறைய அபூஉபைதா போன்ற மனிதர்கள் வேண்டும் என்பதாக இருந்தது.

நம் வாழ்வுக்கு

அன்பிற்குரிய சகோதரர்களே! நம்மில் பலர் கடை நடத்துகிறோம், பட்டறை வைத்திருக்கிறோம், அலுவலகங்களில் பத்துப் பேருக்கு மேலாளராயிருக்கிறோம், வெளிநாட்டில் குழுவொன்றை மேற்பார்வை செய்கிறோம். நம் கீழுள்ளவர் திறமையாக ஒன்றைச் செய்து முடித்தால், மேலிடத்தில் அதை யாருடைய பெயரால் சொல்கிறோம்? வேலை கெட்டுப்போனால் யாருடைய பெயரைச் சொல்கிறோம்? இவ்விரு வினாக்களுக்கும் நாம் அளிக்கும் விடையே நம் அமானிதத்தின் அளவுகோல்.

நம் ஜமாஅத்தின் பணிகளையும் எண்ணிப் பாருங்கள். ரமளானில் அஸருக்கு முன்பே அடுப்பின் முன் நின்று நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர், ஃபஜ்ருக்கு முன் எழுந்து ஹவ்ளில் தண்ணீர் பார்க்கும் மோதினார், நள்ளிரவிலும் கபுருக்குக் குழி வெட்ட வருபவர், மைய்யித்தைக் குளிப்பாட்டும் சகோதர சகோதரிகள் ஆகியோரின் உழைப்பே ஆண்டறிக்கையில் நிர்வாகத்தின் சாதனையாக இடம்பெறுகிறது. அவர்களின் பெயரை நன்றியுடன் சொல்வதும், உரிய கூலியை அவர்கள் கேட்குமுன் கொடுப்பதும், நோயிலும் துன்பத்திலும் அவர்களோடு நிற்பதும் நம் கடமை. வெறும் வாய்ப்புகழ் மட்டும் பங்கிடுதல் ஆகாது. அபூஉபைதா (ரலி) வெற்றியின் பெயரைப் பங்கிட்டார்கள், பேரீச்சம்பழத்தையும் பங்கிட்டார்கள், இறுதியில் தம் படையின் மரணத்திலும் பங்கு கொண்டார்கள்.

பிறர் உழைப்பின் மதிப்பை உணரும் உள்ளத்தையும், புகழை உரியவரிடம் சேர்க்கும் பெருந்தன்மையையும், எல்லாப் புகழும் தனக்கே உரியது என்பதை மறவாத இக்லாஸையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!